கில்லிமாட்டின் ஓராண்டுச் செலவு: மே தீவில் எடுத்த கணக்கு

மீன் தின்னும் கடற்பறவைக்கு வருஷத்தில் எந்த மாதம் ரொம்பக் கஷ்டம் என்று கேட்டால், பெரும்பாலோர் யோசிக்காமல் டிசம்பர், ஜனவரி என்பார்கள். குளிர், புயல், ஏழு மணி நேரப் பகல், இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், ஃபோர்த் கழிமுகத்தின் வாயில் இருக்கும் மே தீவில் கில்லிமாட் பறவைகளுக்குக் கருவி மாட்டி வருஷம் முழுக்கக் கணக்கெடுத்தபோது வந்த பதில் வேறு மாதிரி இருந்தது. செலவு, அதாவது உடம்பு எரிக்கும் ஆற்றல், ஏறி நின்றது நடுக் குளிர்காலத்தில் அல்ல, இனப்பெருக்கத்துக்குச் சற்று முன்பும் இனப்பெருக்கத்தின் போதும்தான். ரூத் டன், சாரா வான்லெஸ், ஃபிரான்சிஸ் டான்ட், மைக் ஹாரிஸ், ஜொனதன் கிரீன் ஆகிய ஐவரும் 2020-இல் வெளியிட்ட ஆய்வு அது.

இதை மட்டும் படித்துவிட்டு "அப்போ குளிர்காலம் பிரச்சினையே இல்லை" என்று கிளம்பிவிடக் கூடாது. செலவு அதிகமாகிற காலமும் பறவை கூட்டமாகச் செத்துப்போகிற காலமும் ஒன்றல்ல. இந்தப் பறவையின் வருஷத்தை மாதம் மாதமாகப் பிரித்துப் பார்த்தால் அந்த இரண்டும் எங்கே பிரிகின்றன என்பது தெரியும், அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பறவை. ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடை, மேலே கரும்பழுப்பு, கீழே வெள்ளை, நின்றால் சின்னப் பென்குயின் மாதிரித் தெரியும், ஆனால் பறக்கும். கூடு கட்டாது. செங்குத்துப் பாறையின் விளிம்பில் ஒரே ஒரு முட்டை, அதுவும் வெறும் கல்லின் மேல். ஒரு சதுர மீட்டரில் 20 ஜோடி வரை நெருக்கியடித்து நிற்கும். சாப்பாடு சாண்டீல் என்கிற ஒல்லியான சிறுமீனும், ஸ்ப்ராட் என்கிற, நம் சாளைக்கு உறவான மீனும். மே தீவில் 1973 முதல் கடற்பறவைகளை விடாமல் கவனித்து வருகிறார்கள், அதனால்தான் ஒரு வருஷக் கணக்கைப் பின்னணியோடு வைத்துப் பேச முடிகிறது.

கில்லிமாட்டின் உடம்பு ஒரு சமரசம். அதே இறக்கையால்தான் காற்றிலும் பறக்க வேண்டும், தண்ணீருக்குள்ளும் துடுப்புப் போட வேண்டும். தண்ணீருக்குச் சின்ன இறக்கை நல்லது, காற்றுக்குப் பெரிய இறக்கை. கில்லிமாட் தண்ணீர்ப் பக்கம் சாய்ந்துவிட்டது. நூறு மீட்டருக்கு மேல் முங்கி வரும், ஆனால் மேலே பறக்க வேண்டுமென்றால் இறக்கையை வெறிபிடித்த மாதிரி அடிக்க வேண்டும். இதன் நெருங்கிய உறவான தடித்த அலகுக் கில்லிமாட்டில் கைல் எலியட்டும் அவரது குழுவும் அளந்து 2013-இல் சொன்ன எண் 146 வாட். சும்மா இருக்கும்போது ஆகும் செலவைப்போல 31 மடங்கு. பறக்கும் உயிர்களில் அளந்தவரை இதுதான் உச்சம் என்றார்கள். முங்குவதற்கோ இதில் ஒரு சிறு பங்குதான்.

இந்த 146 வாட்டை ஒரு மணி நேரத்துக்குப் பெருக்கிப் பாருங்கள், சுமார் 525 கிலோஜூல். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் குஞ்சு வளர்க்கும் கில்லிமாட்களில் அளந்தபோது ஒரு முழு நாள் செலவே ஏறக்குறைய 1,800 கிலோஜூல்தான், நமக்கு ஒரு வேளைச் சாப்பாடு அளவு. ஒரு மணி நேரம் பறந்தால் அதில் கால் பங்குக்கு மேல் காலி. இந்தப் பறவையின் வருஷக் கணக்கில் எதைப் பார்த்தாலும் கடைசியில் "எவ்வளவு நேரம் பறந்தது" என்ற கேள்வியில்தான் வந்து நிற்கிறது.

கணக்கை எப்படி எடுத்தார்கள்

கடலுக்குப் போய்விட்ட பறவையை யாரும் பின்தொடர முடியாது. அதனால் காலில் போட்ட வளையத்தோடு சில கிராம் எடையுள்ள பதிவுக் கருவியைக் கட்டி விடுகிறார்கள். அது வெளிச்சத்தைப் பதிவு செய்யும், சூரியன் எழும் விழும் நேரத்தை வைத்துப் பறவை ஏறத்தாழ எங்கே இருந்தது என்று கணக்குப் போடலாம். துல்லியம் நூறு கிலோமீட்டருக்கு மேல் முன்னே பின்னே போகும். கருவி நனைந்திருக்கிறதா காய்ந்திருக்கிறதா என்பதும், வெப்பநிலையும், ஆழமானியும் சேர்ந்திருந்தால் எத்தனை முறை எவ்வளவு ஆழம் முங்கியது என்பதும் கிடைக்கும். இதிலிருந்து ஒரு நாளைப் பறத்தல், முங்குதல், தண்ணீர் மேல் மிதத்தல், பாறையில் நிற்றல் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரச் செலவு இவ்வளவு என்று பெருக்கிக் கூட்டுகிறார்கள். மிதக்கும் செலவுக்கு அன்றைய கடல்நீரின் வெப்பநிலையையும் சேர்க்க வேண்டும், தண்ணீர் காற்றைவிட 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும் என்பதால்.

அந்த ஒரு மணி நேரச் செலவு எங்கிருந்து வருகிறது? ஆக்சிஜன், ஹைட்ரஜன் இரண்டின் கனமான அணு வகைகள் (ஐசோடோப்புகள்) கலந்த தண்ணீரைப் பறவைக்கு ஊசியில் ஏற்றிவிட்டு, பிறகு மறுபடி பிடித்து ரத்தத்தில் இரண்டும் எவ்வளவு குறைந்திருக்கின்றன என்று பார்ப்பார்கள். ஹைட்ரஜன் தண்ணீராக மட்டும் வெளியேறும், ஆக்சிஜன் தண்ணீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் வெளியேறும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அது எரித்த எரிபொருளைக் காட்டிக்கொடுக்கும்.

இதில் ஒரு சிக்கல். கில்லிமாட் குளிர்ந்த தண்ணீரில் மிதக்கும்போது ஒரு காலை மடக்கி வயிற்று இறகுக்குள் செருகிக்கொள்ளும், சூடு வீணாகாமல் இருக்க. கருவி இருப்பது அந்தக் காலில் என்றால்? கருவி காய்ந்துவிடும். காய்ந்தால் கணினி என்ன நினைக்கும், பறவை பறக்கிறது என்று. சூட்டை மிச்சம் பிடித்து அமைதியாக உட்கார்ந்திருக்கும் நேரம், பறவை செய்வதிலேயே அதிகச் செலவுள்ள வேலையாகப் பதிவாகிவிடும். ஒரு நாளில் ஒரு மணி நேரம் இப்படித் தவறினால் கணக்கு 500 கிலோஜூல் வீங்கிவிடும், அதுவும் குளிர் மாதங்களில்தான் அதிகமாக வீங்கும். வெப்பநிலைப் பதிவு இங்கேதான் கைகொடுக்கிறது: இறகுக்குள் செருகிய கால் சூடாக இருக்கும், குளிர் காற்றில் பறக்கும் கால் அப்படி இருக்காது. கடற்பறவைக் குளிர்காலக் கணக்கு எதைப் படித்தாலும் இந்தக் காலை என்ன செய்தார்கள் என்று முதலில் தேடிப் பார்ப்பது நல்லது.

இன்னொன்றும் உண்டு. கருவியில் இருப்பதைப் படிக்க வேண்டுமென்றால் பறவை அடுத்த வருஷம் அதே பாறைக்குத் திரும்ப வர வேண்டும், அதைப் பிடிக்க வேண்டும். செத்துப்போனதன் கணக்கு கடலோடு போயிற்று. ஆக நம் கையில் இருப்பது பிழைத்து வந்தவற்றின் கணக்கு மட்டும்.

ஜூலையில் தொடங்கும் வருஷம்

நாட்காட்டிப்படி ஜனவரியில் தொடங்குவதைவிட, பறவை பாறையை விட்டு இறங்கும் நேரத்தில் தொடங்கினால் இந்தக் கணக்கு நன்றாகப் புரியும். குஞ்சுக்கு மூன்று வாரம் ஆனதும், இன்னும் சரியாகப் பறக்க வராத, வளர்ந்த பறவையின் எடையில் கால்வாசியே இருக்கும் அது, அந்தி நேரத்தில் விளிம்பிலிருந்து கடலில் குதிக்கும். கீழே அப்பா காத்திருக்கும். அதன் பிறகு இரண்டு மாதம் போல குஞ்சுக்கு மீன் பிடித்துக் கொடுப்பது அப்பாவின் பொறுப்பு. அம்மா கொஞ்ச நாள் பாறையிலேயே இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும், பிறகு அதுவும் போய்விடும்.

அடுத்து இறகு உதிர்வு. பறக்கும் இறகுகள் எல்லாம் ஒரேயடியாக விழுந்துவிடும், ஆறேழு வாரம் பறக்கவே முடியாது. செலவுப் பக்கம் மட்டும் பார்த்தால் இது மலிவான காலம். பறக்கும் செலவு பூஜ்யம், ஆகஸ்ட், செப்டம்பரில் வடகடல் நீரும் வருஷத்திலேயே அதிகச் சூட்டோடு இருக்கும். புது இறகு வளர்க்கப் புரதம் வேண்டும், ஆனால் அது பறப்பதற்கு ஆகும் செலவோடு ஒப்பிடும்படியானது அல்ல. மீன் மட்டும் பக்கத்தில் இருந்தால் போதும். இந்த "மட்டும்" எவ்வளவு பெரிய நிபந்தனை என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

இறகு முளைத்ததும் சில கில்லிமாட்கள் அக்டோபரிலேயே தீவுக்குத் திரும்பிவிடும். முட்டை போட இன்னும் ஆறு மாதத்துக்கு மேல் இருக்கிறது! விடியற்காலையில் வந்து, பாறையில் தன் இடத்தில் கொஞ்ச நேரம் நின்று, பக்கத்துப் பறவையோடு தகராறு பண்ணிவிட்டு மறுபடி கடலுக்குப் போய்விடும். தினமும் அல்ல, விட்டு விட்டு. பறப்பதற்கு இவ்வளவு செலவாகிற பறவை, சாப்பாடும் இல்லாத, குஞ்சும் இல்லாத ஒரு கல்லைப் பார்க்க ஏன் வருகிறது? ஒரு விடை, நல்ல இடம் கிடைப்பது அரிது, வராவிட்டால் வேறொன்று பிடித்துக்கொள்ளும். அப்புறம், இது என் ஊகம், எட்டு டிகிரித் தண்ணீரில் மிதப்பதைவிடக் காய்ந்த பாறையில் நிற்பது உடம்புக்கு மலிவு, ஆக போகிற வருகிற செலவில் ஒரு பகுதியாவது அங்கே திரும்பக் கிடைக்கலாம். எப்படியானாலும் தீவைச் சுற்றி மீன் இருந்தால்தான் இந்த வருகை கட்டுப்படியாகும் என்று ஆய்வாளர்களும் சொல்கிறார்கள்.

டிசம்பரில் அங்கே பகல் ஏழு மணி நேரம். கில்லிமாட் கண்ணால் பார்த்து வேட்டையாடும் பறவை, அதனால் வரவு, அதாவது கிடைக்கும் மீன், குறைந்தே தீர வேண்டும் என்று தோன்றும். ஆனால் அவை இருட்டிலும் முங்குகின்றன. அதைவிட ஆச்சரியம், முங்கும் உழைப்பு உச்சத்துக்குப் போன காலமும் ராத்திரி வேட்டை உச்சத்துக்குப் போன காலமும் ஒன்றாக இல்லை. பகல் குறைந்ததால் ராத்திரியில் ஈடுகட்டுகின்றன என்ற எளிய விளக்கம் இதற்குப் பொருந்தவில்லை, மீன் எப்போது எங்கே கிடைக்கிறதோ அதற்கேற்ப வேலை நேரத்தை மாற்றிக்கொள்கின்றன என்பதே ரூத் டன் குழுவின் முடிவு.

குளிர் விஷயத்துக்கு வருவோம். நிலத்தில் மிகக் குளிரான நேரம் டிசம்பர், ஜனவரி. கடல் அப்படி இல்லை, அது மெதுவாகத்தான் ஆறும். வடகடலின் அந்தப் பகுதியில் தண்ணீர் அடிமட்டச் சூட்டுக்கு, ஆறு டிகிரி போல, வருவது பிப்ரவரி கடைசி, மார்ச்சில்தான். உள்ளே முங்கும்போது இறகுக்குள் அடைத்து வைத்திருக்கும் காற்றும் நசுங்கும், 50 மீட்டர் ஆழத்தில் அது ஆறில் ஒரு பங்காகிவிடும், அப்போது போர்வையும் மெலிந்துவிடுகிறது. விழுங்குகிற மீனையும் ஆறு டிகிரியிலிருந்து நாற்பதுக்குச் சூடாக்க வேண்டும். 400 கிராம் மீனுக்கு நான் போட்டுப் பார்த்ததில் 50 கிலோஜூல் ஆகிறது, நாள் செலவில் மூன்று சதவீதம், பெரிய தொகை இல்லை, ஆனால் அது பாட்டுக்குத் தினமும் போய்க்கொண்டிருக்கும்.

மார்ச்சில் நடப்பது இதுதான். தண்ணீர் மிகக் குளிர்ந்திருக்கும் அதே நேரத்தில் பாறையில் இடப்போட்டி சூடுபிடிக்கிறது, வருகை கூடுகிறது, வருகை கூடினால் பறத்தல் கூடுகிறது, பாறையில் நின்ற நேரத்தை ஈடுகட்ட முங்குவதும் கூடுகிறது. எல்லாச் செலவும் ஒரே மாதத்தில் வந்து விழுகிறது. நடுக் குளிர்காலத்தில் இவை ஒன்றோடொன்று மோதுவதில்லை, அதனால்தான் அங்கே உச்சம் இல்லை.

பிறகு முட்டை, 32 நாள் போல அடைகாத்தல், குஞ்சு. இந்தப் பறவை ஒரு தடவைக்கு ஒரே ஒரு மீனைத்தான் அலகில் நீளவாக்கில் வைத்துக் கொண்டுவரும். மீன் 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, பறவை மணிக்கு 70 கிலோமீட்டரில் பறக்கிறது என்று வைத்துக்கொண்டால், போக வர 50 நிமிஷத்துக்கு மேல், அதாவது 450 கிலோஜூல். கையில் வருவது பத்து கிராம் மீன் ஒன்று, கொழுத்த ஸ்ப்ராட்டாக இருந்தால் சுமார் 100 கிலோஜூல். குஞ்சுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு வாய்க்கும் பெற்றோர் அதைப்போல நாலைந்து மடங்கு தன் கணக்கில் எரிக்கிறது. தன் பங்குக்குத் தினமும் 400 கிராமுக்கு மேல் மீன் தின்றால்தான் இது ஓடும்.

கணக்கு இடிந்த வருஷங்கள்

2004-இல் மே தீவில் கில்லிமாட் இனப்பெருக்கம் மோசமாகத் தோற்றது. பெற்றோர் மீன் கொண்டுவராமல் இல்லை, கொண்டுவந்தன. ஆனால் அந்த வருஷத்து ஸ்ப்ராட்டிலும் சாண்டீலிலும் கொழுப்பு இல்லை, ஒரு மீனில் இருந்த ஆற்றல் வழக்கத்தைவிட மிகக் குறைவு. வான்லெஸ் குழு இதை அளந்து மறுவருஷம் வெளியிட்டது. மேலே சொன்ன கணக்கைப் பாருங்கள், பறக்கும் செலவு அதேதான், கையில் வரும் 100 மட்டும் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ போய்விட்டால் எத்தனை தடவை பறந்தாலும் தேறாது.

2007-இல் நடந்தது இன்னும் கொடுமை. வழக்கமாக ஒரு பெற்றோர் குஞ்சோடு நிற்கும், இன்னொன்று மீனுக்குப் போகும். அந்த வருஷம் மீன் போதாமல் இரண்டுமே போகத் தொடங்கின. தனியாக விடப்பட்ட குஞ்சுகளைப் பக்கத்தில் இருந்த வளர்ந்த கில்லிமாட்கள் கொத்தின, பல குஞ்சுகள் அப்படியே செத்தன. கேட் ஆஷ்புரூக் குழு 2008-இல் இதை எழுதியது.

இந்த இரண்டு வருஷத்திலும் செத்தவை பெரும்பாலும் குஞ்சுகள். செலவு உச்சத்தில் இருக்கும்போது கணக்கு உதைத்தால் வளர்ந்த பறவைக்கு ஒரு வழி இருக்கிறது: குஞ்சைக் கைவிட்டுவிட்டு அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். இருபது வருஷத்துக்கு மேலும் வாழக்கூடிய பறவைக்கு ஒரு வருஷம் போனால் போகட்டும். உச்சச் செலவு என்பது பெரும்பகுதி அது விரும்பிச் செய்கிற செலவு.

விலக முடியாத செலவு வேறு காலத்தில் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையிலும் வடகிழக்கு இங்கிலாந்திலும் கில்லிமாட்கள் ஆயிரக்கணக்கில் எலும்பும் தோலுமாகக் கரை ஒதுங்கின. பறவைக் காய்ச்சலுக்குச் சோதித்தார்கள், அது இல்லை. அறுத்துப் பார்த்ததில் பட்டினி. மேலே மலிவான காலம் என்று சொன்னேனே, அதே காலம். செலவு குறைவாக இருந்து என்ன பயன், இறகு இல்லாத பறவை மீன் இருக்கும் இடத்துக்குப் பறந்துபோக முடியாது. 2014 பிப்ரவரியில் அட்லாண்டிக் புயல்கள் தொடர்ந்து அடித்தபோது பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் கரைகளில் ஐம்பதாயிரத்துக்கு மேல் கடற்பறவைகள் ஒதுங்கின, பஃபின்களும் கில்லிமாட்களும்தான் அதிகம். அங்கும் அவை புதிதாக எதுவும் செலவழிக்கவில்லை, கலங்கிக் கொந்தளித்த தண்ணீரில் வரவு நின்றுபோனது. இந்தப் பறவை கொழுப்பை அதிகம் சேர்த்து வைப்பதில்லை, சேர்த்தால் பறக்க முடியாது. மூன்று, நாலு நாள் தொடர்ந்து மீன் கிடைக்காவிட்டால் கதை முடிந்தது.

இதே இனம் பசிபிக்கிலும் உண்டு. 2015-16 குளிர்காலத்தில் அலாஸ்கா முதல் கலிபோர்னியா வரை சுமார் 62,000 பறவைகள் கரை ஒதுங்கின. தண்ணீர் குளிரவில்லை, நேர் எதிர், வழக்கத்துக்கு மாறாகச் சூடாகியிருந்தது. மிதக்கும் செலவு உண்மையில் குறைந்திருக்க வேண்டும்! ஆனால் சூடான நீரில் பெரிய மீன்களுக்குப் பசி கூடியது, அவையும் அதே சிறுமீனைத் தின்றன, சிறுமீன்களும் மெலிந்தன. அலாஸ்காவின் கில்லிமாட்களில் பாதி, சுமார் 40 லட்சம், அந்த வெப்ப அலையில் அழிந்தன என்று 2024-இல் கணக்கு வெளியானது.

ஒப்பிட ஒரு நீர்க்காகம்

நம் ஏரிகளிலும் பார்க்கும் பெரிய நீர்க்காகம் இனமே கிரீன்லாந்திலும் குளிர்காலத்தைக் கழிக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. டேவிட் கிரெமியே குழு அங்கே அதைப் பின்தொடர்ந்தது. அதன் வெளி இறகு நனையும், உள்ளே மெல்லிய காற்றடுக்கு மட்டும் தங்கும். அந்த உடம்போடு பனிக்கடலில் எப்படிப் பிழைக்கிறது என்றால், தண்ணீரில் இருக்கும் நேரத்தையே குறைத்துக்கொள்கிறது. முங்கும், சீக்கிரம் பிடிக்கும், வெளியே வந்துவிடும். சூரியனே எழாத நாட்களில் இருட்டிலும் முங்குகிறது. கில்லிமாட்டால் இந்த உபாயத்தைக் கையாள முடியாது, குளிர்காலத்தில் அது பெரும்பாலும் நடுக்கடலில் இருப்பது, ஏறி நிற்க இடம் கிடையாது. வேடந்தாங்கலில் இருக்கும் நீர்க்காகத்துக்கு இந்தக் குளிர்ச் செலவே இல்லை, அதன் வருஷத்தை வடகிழக்குப் பருவமழையும் ஏரியில் தண்ணீர் நிற்கும் நாட்களும் தீர்மானிக்கின்றன.

மே தீவுக்குத் திரும்பினால், 2024 மார்ச் முதல் ஸ்காட்லாந்தின் கடலிலும் வடகடலின் இங்கிலாந்துப் பகுதியிலும் சாண்டீல் பிடிக்கத் தடை வந்தது. நல்ல காரியம், சந்தேகமே இல்லை. ஆனால் மே தீவுக் கில்லிமாட்கள் பல வருஷமாகக் குஞ்சுகளுக்கு அதிகமாகக் கொடுப்பது சாண்டீல் அல்ல, ஸ்ப்ராட். அதோடு இந்தத் தடையைப் பற்றிய பேச்சு எல்லாம் கோடையை, குஞ்சு வளரும் வாரங்களைச் சுற்றியே நடக்கிறது, ஏனென்றால் அப்போதுதான் பறவை பாறையில் நம் கண்ணெதிரே நிற்கிறது. 2021-இல் செத்தவை பாறையை விட்டு இறங்கிப் பல வாரம் ஆனவை. இறகு உதிர்ந்த அந்த ஆறேழு வாரம் அவை எந்தத் தண்ணீரில் நிற்கின்றன, அங்கே ஸ்ப்ராட் எவ்வளவு, எவ்வளவு கொழுப்போடு இருக்கிறது என்று வருஷா வருஷம் அளந்தால், அடுத்த பட்டினிச் சாவைக் கரையில் எண்ணிப் பார்ப்பதற்கு முன்பே ஏதாவது தெரியவரும்.